தோளில் செல் துண்டு, மூளையில் கொயில்: அஞ்சியோகிராம் மீள்பரிசோதனைக்குப் போய் வந்த அனுபவம்

2022 ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம், இலங்கையின் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பகுதியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றபோது, பிடரியில் யாரோ உலக்கையால் ஓங்கி அடித்தது போல ஒரு வலி வந்தது. ஒரு நொடிக்குள் உச்சத்தைத் தொட்ட அப்படியொரு தலைவலியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. வாந்தி எடுத்தேன், கழுத்து விறைத்தது, அதன் பின் நடந்தவற்றில் பாதியை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன். சக ஆசிரியர் ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைத்தது என் உயிரைக் காத்தது. ஸ்கான் எடுத்தபோது மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருப்பது தெரிந்து, என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூளை நாடியொன்றின் சுவரில் பலவீனமான ஓர் இடம் சிறு பலூன் போலப் புடைத்து வெடித்திருந்தது. இதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். தொடையிடுக்கில் உள்ள நாடி வழியாக ஒரு மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுசென்று, பிளாட்டினக் கம்பிச் சுருள்களால் அந்தப் புடைப்பை நிரப்பி அடைத்தார்கள். அந்தச் சுருளுக்குக் கொயில் என்று பெயர். அம்மா தொலைபேசியில் அதைக் கோயில் என்று கேட்டு, வற்றாப்பளை அம்மனே மகளின் தலைக்குள் குடியேறிவிட்டாள் என்று அயலெல்லாம் சொல்லிவைத்தார். அந்த நம்பிக்கையை நான் இன்றுவரை திருத்தவில்லை.

நான் எழுத வந்தது அந்தச் சிகிச்சையைப் பற்றி அல்ல, அதற்குப் பின் செய்யவேண்டிய மீள்பரிசோதனையைப் பற்றி. வீட்டுக்கு அனுப்பும்போது கிளினிக் கொப்பியில் ஆறு மாதம் கழித்து அஞ்சியோகிராம் என்று எழுதித் தந்தார்கள். நாடிக்குள் குழாய் விட்டுச் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்றே படம் அது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் விளக்கவில்லை. பின்னாளில்தான் புரிந்தது: கொயிலால் அடைத்த புடைப்புக்குள் இரத்தம் ஓயாமல் மோதுவதால் சுருள்கள் மெல்ல நெரிந்து இறுகிவிடும், அப்போது வாய்ப்பகுதியில் இடைவெளி உண்டாகி இரத்தம் மறுபடியும் உள்ளே போகத் தொடங்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2009 இல் வெளிவந்த கட்டுரையொன்றின்படி, கொயில் வைத்த அனியூரிசங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஏதோ ஓர் அளவுக்குத் திறந்துகொள்கிறது, பத்தில் ஒன்றுக்கு மறுசிகிச்சை தேவைப்படுகிறது. திறந்துகொள்வதற்கு வலியும் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த நான்கு வரிகளை யாராவது அன்றே தமிழில் சொல்லியிருந்தால் நான் ஏழு மாதத்தை இழந்திருக்க மாட்டேன்.

எனக்குக் குறித்த மாதம் ஜூலை. நாட்டின் பொருளாதார நெருக்கடியில் ஜூன் இறுதியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாய் ஆனது, காசு இருந்தவர்களும் வரிசையில் நாட்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள், பாடசாலைகள் மூடப்பட்டன, பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. மருந்தும் உபகரணமும் இல்லாமல் நாட்டின் பல மருத்துவமனைகள் அவசரமற்ற சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. நானும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இதில் என் பிழை என்னவென்றால், தவறிய திகதிக்குப் பதிலாக வேறொரு திகதியைத் தொலைபேசியிலாவது கேட்டு வாங்காமல் விட்டதுதான். நாட்டின் நெருக்கடி தணிந்தபோது என் மனத்தில் பயம் வேரூன்றியிருந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒருவருக்குத் தலைக்குள் வயர் விட்டுப் படம் எடுக்கும்போது பேச்சே நின்றுபோனது என்று ஓர் அக்கா சொன்னார். எனக்குப் பேச்சுத்தான் பிழைப்பு. கணவர் 2009 இல் இல்லாமற் போனவர், மகன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நன்றாகத்தானே இருக்கிறேன், இருப்பதைக் குழப்புவானேன் என்று இரவில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தப் பயம் மடமை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அளவு தெரியாத ஆபத்தை யாரும் பெரிதாகத்தான் கற்பனை செய்வார்கள்.

அளவைக் காட்டித் தந்தவள் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கும் என் பெறாமகள். குழாய் செலுத்தி எடுக்கும் இந்தப் பரிசோதனையின் ஆபத்துகளைப் பற்றிய இரண்டு கட்டுரைகளை அவள் வாசித்துக் காட்டினாள். 1999 இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், அனியூரிசம் போன்ற காரணங்களுக்காகப் படம் எடுக்கப்பட்டவர்களிடையே நிரந்தரமான நரம்புப் பாதிப்பு 0.07 சதவீதம், அதாவது 10,000 பேரில் ஏழு பேருக்கு. அமெரிக்காவில் ஒரு மருத்துவ நிலையத்தில் மட்டும் செய்யப்பட்ட 19,826 பரிசோதனைகளை ஆராய்ந்து 2007 இல் வெளிவந்த இன்னொன்றில், நிரந்தர இயலாமையைத் தந்த பக்கவாதம் 0.14 சதவீதம். சிறிது நேரத்தில் மாறிவிடும் மறதி, பார்வை மங்கல் போன்றவை இதைவிடக் கூடுதலாக இருந்தன. வயதானவர்களுக்கும் நாடிகளில் கொழுப்புப் படிந்தவர்களுக்கும் ஆபத்துக் கூடும் என்றும் சொன்னாள். கதிர்வீச்சைக் கேட்டேன். சராசரியாக 5 மில்லிசீவேர்ட் அளவு, இயற்கையாக நாம் இரண்டு ஆண்டுகளில் பெறும் கதிர்வீச்சுக்குச் சமமானது என்றாள். அதே 2007 கட்டுரையில் குழாய் செலுத்திய இடத்தில் இரத்தம் கட்டியவர்கள் 4.2 சதவீதம் என்று ஒரு வரி இருந்தது. தலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நான் தொடையைப் பற்றிய அந்த வரியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பிடித்தது அந்த வரிதான்.

குழாய் செலுத்தாமல் எம்.ஆர்.ஐ இயந்திரத்திலேயே நாடிகளைப் படம் எடுக்கும் முறை இருக்கிறது என்று அறிந்ததும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பிளாட்டினக் கொயிலைக் காந்தம் இழுக்காது, கதிர்வீச்சு இல்லை, சில முறைகளில் சாயம் ஏற்றவேண்டிய தேவையும் இல்லை. கொயில் மட்டும் வைத்த பலருக்குப் பின்வரும் ஆண்டுகளில் இதுவே போதும் என்று வைத்தியர்கள் தீர்மானிப்பதுண்டு. ஆகவே கேட்டுப் பார்க்காமல் இருக்காதீர்கள். நான் நவம்பர் மாதம் தனியார் நிலையமொன்றில் நாள் எடுத்து, வான் பிடித்துப் போனேன். படிவத்தில் உடலுக்குள் உலோகம் ஏதும் உண்டா என்ற கேள்வி இருந்தது. என் இடது தோளிலும் கழுத்தடியிலும் 2009 ஆம் ஆண்டுப் போரின் செல் துண்டுகள், அதாவது வெடித்த எறிகணையின் சிதறல்கள், இருக்கின்றன. பீஸ் என்றுதான் நாங்கள் சொல்வோம். அவற்றை எடுக்க அன்று யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை, பிறகு அவை நோவு தராததால் நானும் எடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தேன். வன்னியில் இருந்து வெளியே போகும்போது தழும்பை மூடிக்கொண்டு போகப் பழகியவர்கள் நாங்கள். தழும்பைக் கண்டால் என்ன கேட்பார்களோ, எங்கே பதிவார்களோ என்ற நடுக்கம் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கையில் இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போடவும் போனேன்.

போடாமல் விட்டது என் வாழ்வில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. உண்டு என்று எழுதிக் கொடுத்ததும் அங்கிருந்த தம்பி என்னை எதுவும் விசாரிக்கவில்லை. எக்ஸ்றே எடுக்கச் சொன்னார். கழுத்தின் பெரிய நாடிக்கு மிக அருகில் ஒரு துண்டு கிடந்தது. இரும்பு கலந்த துண்டானால் அந்தக் காந்தத்தில் அது அசையலாம், சூடேறலாம், இந்த இடத்தில் அப்படி நடக்க விடமுடியாது என்று வைத்தியர் சொல்லித் திருப்பி அனுப்பினார். சி.ரி. ஸ்கானில் பார்க்கமுடியாதா என்று கேட்டேன். பிளாட்டினம் படத்தில் வெள்ளைக் கீறல்களாகச் சிதறிப் பார்க்கவேண்டிய இடத்தையே மறைத்துவிடும் என்றார். வான் கூலி 18,000 ரூபாயும் ஒரு நாளும் போயின. உடலில் துண்டு உள்ள எல்லோரையும் இப்படித் திருப்பி அனுப்புவதில்லை. எந்த உறுப்புக்கு அருகில், எந்த வகை உலோகம் என்பதைப் பொறுத்தே முடிவெடுப்பார்கள். வன்னியில் இத்தகைய துண்டுகளோடு வாழ்பவர்கள் ஏராளம் என்பதால் சொல்கிறேன்: எம்.ஆர்.ஐ என்று பேச்சு எழுந்தவுடனேயே உள்ளூர் மருத்துவமனையில் எக்ஸ்றே எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் கேளுங்கள். துண்டு இருப்பதை ஒருபோதும் மறைக்காதீர்கள். அந்த அறைக்குள் உங்கள் கடந்த காலத்தைத் துருவ யாரும் இல்லை, உங்கள் உடலைக் காக்கவேண்டியவர்கள்தான் இருக்கிறார்கள். கொயிலுக்குப் பதிலாகத் தலையைத் திறந்து புடைப்பின் அடியில் உலோகக் கிளிப் போட்டவர்கள் அந்தக் கிளிப்பின் பெயரும் உலோகமும் எழுதிய பத்திரத்தைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். பழைய கிளிப்புகளில் சில எம்.ஆர்.ஐக்கு ஆகாதவை.

ஆக, குழாய் அஞ்சியோகிராம் ஒன்றுதான் வழி என்றாகி, கொழும்பில் 2023 பெப்ரவரிக்கு நாள் தந்தார்கள். மகனின் உயர்தரப் பரீட்சை அதே நாட்களில் நடந்ததால் நான் தனியே போனேன். போவதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொன்னார்கள், ஏனெனில் நாடிக்குள் ஏற்றும் அயடீன் சாயம் சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எங்கள் பக்கத்தில் இதை அசட்டை செய்யக்கூடாது. வவுனியாவிலும் அதையொட்டிய இடங்களிலும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது, அது முற்றும்வரை பலருக்கு எதுவும் தெரிவதில்லை. நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்கள் அதை நிறுத்தவேண்டுமா, எப்போது மறுபடி தொடங்கவேண்டும் என்று கேட்டே ஆகவேண்டும். நாடிக்குள் ஸ்ரென்ற் என்ற வலைக்குழாய் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளைத் தாமாக ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. நண்டு, இறால் ஒத்துவராத எனக்கு இந்தச் சாயமும் ஒத்துவராது என்று ஊரில் அடித்துச் சொன்னார்கள். வைத்தியர் அப்படித் தொடர்பு இல்லை என்று தெளிவாகச் சொன்னார். நண்டில் ஒவ்வாமை தருவது அதன் புரதம், அயடீன் அல்ல. முன்பு இந்தச் சாயமே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

பரிசோதனை அறையில் நடந்தது நான் பயந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொடையிடுக்கில் விறைப்பு ஊசி போட்டபோது கடித்தது, பிறகு ஓர் அழுத்தம் மட்டும். மூளை நாடிக்குள் குழாய் நகர்வது தெரியவே தெரியாது. சாயத்தைச் செலுத்தும்போது முகத்தின் ஒரு பாதி முழுவதும் சூடு பரவும், கண்ணுக்குள் மின்னும். அது நடக்குமென்று முன்கூட்டித் தெரியாததால் பேச்சுப் போகப் போகிறது என்றே முதலில் நினைத்து, மனத்துக்குள் மகனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சில நொடிகளில் அடங்கிவிட்டது. இதைவிடக் கடினமாக இருந்தது மொழி. படம் எடுக்கும் நொடியில் அசையாமல் மூச்சைப் பிடித்திருக்காவிட்டால் படம் குழம்பும், மறுபடி சாயம் ஏற்ற நேரும். அவர்கள் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்காமல் இரண்டு தடவை அப்படி நடந்தது. ஹெல்லென்ன எப்பா என்றால் அசையாதீர்கள், ஹுஸ்ம அல்லகன்ன என்றால் மூச்சைப் பிடியுங்கள். வலிக்கிறது என்பதற்கு ரிதெனவா, வீங்கிவிட்டது என்பதற்கு இதிமிலா. தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கக் கேட்பது நம் உரிமை, அதைக் கேளுங்கள். ஆனால் மேசையில் படுத்திருக்கும்போது உதவுவது இந்த நான்கு சொற்கள்தான்.

குழாயை எடுத்ததும் ஒருவர் அந்த இடத்தைக் கால் மணிநேரம் கையால் அழுத்திப் பிடித்தார். பிறகு காலை மடக்காமல் ஆறு மணித்தியாலம் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். மாலையில் கட்டில் தேவைப்பட்டதால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஓய்வெடுங்கள் என்று சொன்னார்கள், முல்லைத்தீவுக்கு எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரீட்சை நாளில் மகனுக்குச் சமைத்துக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணத்தில் அன்றிரவே பஸ் ஏறினேன். இருக்கையில் இடுப்பு மடிந்தபடி, மடியில் பையோடு, ஒவ்வொரு குழியிலும் குலுங்கிக்கொண்டு போனேன். புத்தளம் தாண்டும்போது தொடையில் ஒரு கடுப்பு, அனுராதபுரம் வரும்போது பாவாடைக்குள் முட்டையளவு வீக்கம் கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளங்கையால் இறுக அழுத்திக்கொண்டு, யாரிடம் எந்த மொழியில் சொல்வதென்று தெரியாமல், கத்தவும் வெட்கப்பட்டு இருந்தேன். கடைசியில் கொண்டக்ரர் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னக்கா செய்யுது என்று கேட்டபோதுதான் அழுகை வந்தது. பின் இருக்கைக்காரர்களை எழுப்பி என்னை நீட்டிப் படுக்கவைத்து, வவுனியாவில் மருத்துவமனை வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார். அந்தப் பிள்ளையை அதன்பின் நான் காணவில்லை, ஒவ்வொரு வைகாசிப் பொங்கலுக்கும் அவருக்காகவும் நேர்ந்துகொள்கிறேன்.

தோலுக்குள் இரத்தம் கட்டியிருந்தது. நாடிச் சுவரில் புதிதாகப் புடைப்பு ஏதும் உண்டாகவில்லை என்பதை ஸ்கானில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். தொடையிலிருந்து முழங்கால் வரை கருநீலம் பரவி, ஒரு மாதத்துக்கு மேல் நொண்டி நடந்தேன். வான், பஸ், மருந்து, அம்மாவையும் மகனையும் பார்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாமாக ஏறத்தாழ 74,000 ரூபாய் செலவானது. இதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. கொழும்பு வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் இரண்டு இரவு தங்கியிருந்தால் எதுவும் நேர்ந்திருக்காது. வன்னியிலிருந்து போகிறவர்கள் நாள் தரும்போதே, என் வீடு எட்டு ஒன்பது மணித்தியாலப் பயணத் தூரத்தில் இருக்கிறது, அன்றிரவு வாட்டில் வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள், கொப்பியில் எழுதுவியுங்கள். துணைக்கு ஒருவர் இல்லாவிட்டால் திகதியை மாற்றுங்கள், ஒரு மாதத் தாமதத்தால் பொதுவாகக் கேடில்லை, வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். வீங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ படுத்துக்கொண்டு, ஊசி போட்ட இடத்தையும் அதற்குச் சற்று மேலேயும் விடாமல் அழுத்தியபடி, எந்த ஊராக இருந்தாலும் அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டும். நான் புத்தளத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். கால் குளிர்ந்து வெளிறினாலோ, இடுப்பில் ஆழமான வலி வந்து தலைசுற்றினாலோ, பேச்சோ கைகாலோ தடுமாறினாலோ ஒரு நிமிடமும் பொறுக்கக்கூடாது. வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரமாவது கிணற்றில் தண்ணீர் இழுக்காதீர்கள், சைக்கிள் உழக்காதீர்கள், குந்தி இருக்கும் கழிப்பறைக்குப் பதிலாகக் கதிரை வைத்த ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் இவை மூன்றும் இல்லாமல் ஒரு நாள் கழிவது கடினம் என்பதால் போகுமுன்பே யோசித்து வைக்கவேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பரிசோதனையை நான் வெறுக்கவில்லை. அந்தப் படத்தில் கொயில் சிறிது இறுகி, வாய்ப்பகுதியில் ஒரு துளி இடைவெளி தெரிந்தது. இப்போதைக்கு மறுசிகிச்சை வேண்டாம், ஓராண்டில் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். பார்க்காமலே இருந்திருந்தால் அது இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. 2024 மார்ச்சில் இரண்டாம் தடவை போனபோது மகன் கூட வந்தான். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னதும், இந்த முறை மணிக்கட்டு நாடி வழியாகச் செய்யலாமா பார்ப்போம் என்று வைத்தியரே சொன்னார், அப்படியே செய்தார். இரண்டு மணித்தியாலத்தில் எழுந்து நடந்தேன், ஆனாலும் வெள்ளவத்தையில் மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினோம். இடைவெளி கூடவில்லை. மணிக்கட்டு வழி எல்லோருக்கும், எல்லா இடத்திலும் இயலுவதில்லை, ஆனால் கேட்டுப் பார்க்கலாம். கழுத்து எக்ஸ்றே, கொயில் விபரம் எழுதிய பத்திரம், கிரியற்றினின் அறிக்கை, பழைய படங்கள் அடங்கிய இறுவட்டு எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் உறைக்குள் போட்டு, அம்மா சாமிப் படத்தட்டில் வைத்திருக்கிறார். அடுத்த பரிசோதனைக்கான நாள் குறித்த கொப்பியும் அதற்குள்தான் இருக்கிறது.